வாசகர் கேள்வி – பதில்: மின்கருவிக் கால ஜாஸும் மேடைப் பதிவுகளும்

சென்ற இதழில் ஜாஸ் இசை பற்றி வெளியான சிறுகுறிப்பைப் படித்துவிட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலானவை 1969ஆம் ஆண்டுக்குப் பின்னர், மின்கருவிகளும் பிறநாட்டு இசைகளும் ஜாஸில் கலந்த ஃபியூஷன் காலத்தைப் பற்றியவை. ஆதலால் இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

பல்கலைக்கழக மாணவர், கிளிநொச்சி: மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' தலைசிறந்த இசைத்தட்டு என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். பலமுறை கேட்டும் எது தொடக்கம், எது முடிவு என்றே எனக்குப் பிடிபடவில்லை. வேறு எங்கிருந்து தொடங்கலாம்?

அதற்கு ஆறு மாதம் முந்திய பதிவிலிருந்து தொடங்குங்கள். ட்ரம்பெற் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969 பெப்ரவரி 18ஆம் திகதி நியூயோர்க்கில் ஒரே நாளில் பதிவுசெய்த 'இன் எ சைலன்ட் வே' என்ற இசைத்தட்டே இந்தக் காலத்துக்குள் நுழைவதற்கு நான் அறிந்த மிக எளிய வழி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே உருப்படிகள் அதில் உள்ளன. மின்பியானோவிலும் ஓர்கனிலும் ஹேர்பி ஹான்கொக், சிக் கொரியா, ஜோ ஸவினுல் ஆகிய மூவர் அமர்ந்திருக்க, அமெரிக்காவுக்கு அப்போதுதான் வந்திறங்கியிருந்த ஆங்கிலேயரான ஜோன் மக்லோக்ளின் கிற்றார் வாசிக்கிறார். ட்ரம்ஸ் வாசிக்கும் ரோனி வில்லியம்ஸ், தம் வேகத்தையும் வித்தையையும் அடக்கிக்கொண்டு, முதற்பக்கத்தில் ஹை-ஹற் தாளத்தட்டுகளை மாத்திரம் சீராக ஒலிக்க வைக்கிறார். பதிவு முடிந்தபின் தயாரிப்பாளர் டீயோ மசேரோ ஒலிநாடாவை வெட்டி, ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கப் பகுதியையும் படியெடுத்து அதே பக்கத்தின் முடிவில் ஒட்டினார். ஆகவே இறுதியில் நாம் கேட்பது கலைஞர்கள் மறுபடி வாசித்தது அன்று, முதலில் கேட்ட அதே நாடாதான். இதை அறிந்துகொண்டு கேட்டால் செவிக்குத் திசை தெரிந்துவிடும்.

'பிட்சஸ் ப்ரூ' அதே ஆண்டு ஓகஸ்ட் 19 முதல் 21 வரை மூன்று நாட்களில் பதிவாகி 1970இல் இரட்டைத் தட்டாக வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ட்ரம்ஸ், தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் தந்திக் கருவியான பேஸ் இரண்டு, பல மின்பியானோக்கள், பெனி மோபினின் பேஸ் கிளாரினெற் என்று ஒலி அடர்ந்து நிற்கும் இசை அது. தொடக்கமும் முடிவும் பிடிபடவில்லை என்று நீங்கள் எழுதியது சரியான அவதானமே. முதற்பக்கத்தை நிரப்பும் 'ஃபாரோஸ் டான்ஸ்' மசேரோவின் வெட்டும் மேசையில் துண்டு துண்டாகக் கோக்கப்பட்ட உருப்படி. மெட்டு வரும் என்று காத்திராமல் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்காம் பக்கத்தின் 'மைல்ஸ் ரன்ஸ் த வூடூ டவுன்' என்ற உருப்படியில் பேஸ் மெதுவாகவும் உறுதியாகவும் ஒரே வட்டத்தில் நடப்பதால், அதை முதலில் கேட்டுவிட்டு ஏறக்குறைய 27 நிமிடம் நீளும் தலைப்பு உருப்படிக்குச் செல்வது நல்லது.

தவில் கலைஞர், முள்ளியவளை: சக்தி குழுவின் பதிவொன்றைப் பேரன் கைப்பேசியில் போட்டுக் காட்டினான். அதில் கடமும் தபேலாவும் பேசுவது நன்றாக விளங்கியது. இவர்கள் எழுதிவைத்து வாசிக்கிறார்களா, மேடையிலேயே கட்டுகிறார்களா? எங்கள் கோயில் மேளத்துக்கும் இதற்கும் உறவு உண்டா?

உறவு உண்டு, ஐயா. அதில் ஓர் இழை எங்கள் மண்ணோடும் சேர்ந்தது. மக்லோக்ளின் இந்தியக் கலைஞர்களுடன் அமைத்த சக்தி குழுவில் வயலின் வாசித்த எல். சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பிள்ளைகளின் இளமை அங்கேதான் கழிந்தது. 1958ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. எங்கள் கோயில் வீதிகளில் தவிலும் நாதஸ்வரமும் ஓங்கியிருந்த காலத்தில் வடக்கில் வளர்ந்த சிறுவன், பின்னாளில் அமெரிக்காவில் மக்லோக்ளினுடன் அமர்ந்து வாசித்தான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பதிவைக் கேளுங்கள்.

குழுவின் முதல் இசைத்தட்டு கலையகத்தில் உருவானதன்று. 1975 ஜூலை 5ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியைப் பதிந்து 1976இல் வெளியிட்டார்கள். கடத்தில் டி.எச். விநாயக்ராம், தபேலாவில் ஸாகிர் ஹுசைன், மிருதங்கத்தில் ஆர். ராகவன் ஆகியோர் வாசித்தார்கள். மக்லோக்ளின் அதற்கு முன்னரே அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றிருந்தார். வீணையின் கமகத்தைக் கிற்றாரில் கொண்டுவருவதற்காக கழுத்திலுள்ள மெட்டுக்கட்டைகளுக்கு (ஃபிரெற்) இடையே மரம் குடைந்தெடுக்கப்பட்டு, பிரதான தந்திகளின் கீழே குறுக்காகச் சுருதித் தந்திகள் பூட்டப்பட்ட கிற்றார் ஒன்று அவருக்கென்றே செய்யப்பட்டது.

எழுதிவைப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். மெட்டும், எல்லோரும் சேர்ந்து வந்து விழும் தீர்மானங்களும் (முடிப்புகளும்) முன்கூட்டியே அமைந்தவை. இடைப்பட்டதெல்லாம் மேடையில் பிறப்பது. தனித்தவிலில் இருவர் மாறி மாறி வாசித்து, பங்கின் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்து, முடிவில் இருவரும் கலந்து மோரா, கோர்வை என்னும் முடிப்புகளை வைப்பதை நீங்கள் நாளும் செய்கிறீர்கள். ஜாஸிலும் கருவிக்காரரும் ட்ரம்ஸ் வாசிப்பவரும் நான்கு அளவு, எட்டு அளவு என்று மாறி மாறிப் பேசும் வழக்கம் உண்டு. ஆனால் அங்கே பங்கு பெரும்பாலும் குறையாது, எடுத்த அளவிலேயே நிற்கும். சக்தியில் எங்கள் குறைப்பு முறை உள்ளே வந்ததனால்தான் 'ஜோய்' என்ற 18 நிமிட உருப்படியின் கடைசிப் பகுதி அவ்வளவு விறுவிறுப்பாக நெருங்கி வருகிறது. மக்லோக்ளினின் முந்திய குழுவான மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவையும் கேளுங்கள். 1973இல் வெளிவந்த 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' தலைப்பு உருப்படி 18 எண்ணிக்கையில் ஓடுகிறது. பில்லி கோபமின் ட்ரம்ஸுடன் கைத்தாளம் போட்டுப் பார்த்தால் அது எப்படிப் பிரிகிறது என்பதை என்னைவிட விரைவாக நீங்கள் கண்டுகொள்வீர்கள்.

இங்கே ஒரு வேண்டுகோளையும் வைக்கிறேன். சக்தியின் கச்சேரி பதிவான அதே 1975ஆம் ஆண்டின் மே மாதத்தில்தான் எங்கள் தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி மறைந்தார். அவர் வாசித்த இரவுகளை எண்ணினால் எஞ்சியிருக்கும் பதிவுகள் மிகச் சில. வன்னியில் இருந்த கோயில் கச்சேரிக் கசெற்றுகளில் எத்தனையோ 2008, 2009 இடப்பெயர்வுகளில் அழிந்தன. வற்றாப்பளை, ஒட்டுசுட்டான், புளியம்பொக்கணைத் திருவிழாக்களின் நாடா எதுவும் தங்களிடமோ தங்கள் சகபாடிகளிடமோ தப்பியிருந்தால், பூஞ்சணம் பிடிக்கும் முன்னர் கணினியில் படியெடுத்து வையுங்கள். பதிவு செய்தவரின் பெயரையும் ஆண்டையும் உடன் எழுதி வையுங்கள்.

ஓய்வுபெற்ற வாசகர், விசுவமடு: தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவும் கசெற்றும் கேட்ட காலத்தில், வெளிநாட்டிலிருந்த உறவினர் அனுப்பிய கசெற் ஒன்று என்னிடம் இருந்தது. சனத்தின் கைதட்டல், பிறகு கிற்றாருமல்லாத குழலுமல்லாத ஒரு கருவியில் மகிழ்ச்சியான மெட்டு, பின்னர் சக்ஸபோன். பெயர் தெரியாது. எதுவாக இருக்கும்?

உறுதி சொல்ல முடியாவிட்டாலும், தாங்கள் விபரித்திருக்கும் முறை வெதர் ரிப்போர்ட் குழுவின் 'பேர்ட்லாண்ட்' என்ற உருப்படியுடன் நன்கு பொருந்துகிறது. ஜோ ஸவினுல் எழுதிய அந்த உருப்படி முதலில் 1977இல் 'ஹெவி வெதர்' இசைத்தட்டில் வெளிவந்தது. கைதட்டல் இருந்தது என்பதால் தங்களிடம் இருந்தது 1979இன் 'எய்ட் தேர்ட்டி' என்ற இரட்டைத் தட்டின் படியாக இருக்கலாம். அதன் நான்கு பக்கங்களில் மூன்று மேடையில் பதிந்தவை. கிற்றாருமல்லாத குழலுமல்லாத அந்தக் குரல் ஜாக்கோ பஸ்ரோரியஸின் கழுத்தில் மெட்டுக்கட்டைகள் இல்லாத பேஸ் கிற்றார். தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு, மேல் ஸ்தாயியில் அனுநாதங்களை எழுப்பி, பேஸிலேயே மெட்டை வாசித்தவர் அவர். 1987இல் 35 வயதில் காலமானார். 'எய்ட் தேர்ட்டி' தட்டிலுள்ள 'ஸ்லாங்' என்ற உருப்படியில் அவர் தனியே நின்று, தாம் வாசித்த துணுக்கைக் கருவியொன்றில் சுழலவிட்டு, அதன்மேல் தாமே வாசிப்பதையும் கேளுங்கள்.

டைனமோவில் கேட்டவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். சில்லின் வேகம் குறையும்போது மின்னழுத்தம் குறைந்து நாடாவும் மெதுவாக ஓடியிருக்கும். ஆகவே தங்கள் நினைவிலுள்ள மெட்டு இப்போது கேட்பதைவிடத் தாழ்ந்த சுருதியில் இருந்தால், வேறு உருப்படி என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆசிரியை, வவுனியா: மேடைப் பதிவு என்று அச்சிட்டு விற்பவை உண்மையிலேயே ஒரே இரவில் வாசித்தவையா? பின்னர் வெட்டி ஒட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இரண்டு வகையும் உண்டு. எது எந்த வகை என்று அறிந்து கேட்பது இன்பத்தைக் கூட்டும் என்பதே என் அனுபவம்.

மைல்ஸ் டேவிஸின் 1971ஆம் ஆண்டு இரட்டைத் தட்டான 'லைவ்-ஈவில்' கலப்பானது. அதன் நீண்ட உருப்படிகள் 1970 டிசம்பரில் வொஷிங்டன் நகரின் செலர் டோர் என்ற விடுதியில் வாசித்தவற்றிலிருந்து மசேரோ வெட்டிச் சேர்த்தவை. இடையில் வரும் சிறிய அமைதியான உருப்படிகள் கலையகத்தில் முன்னரே பதிந்தவை. நெடுங்காலம் நாம் அதை மட்டுமே அறிந்திருந்தோம். 2005இல் அந்த விடுதிப் பதிவுகள் ஆறு இறுவட்டுகளாக வெளிவந்தபோதுதான், மக்லோக்ளின் கடைசி இரவு மட்டுமே மேடையேறினார் என்பதும், அவர் இல்லாத இரவுகளில் கீத் ஜாரட்டின் மின்பியானோவும் ஓர்கனும் எவ்வளவு இடத்தை நிரப்பின என்பதும் தெளிவாகக் கேட்டன. வெட்டப்பட்டதையும் வெட்டப்படாததையும் அருகருகே வைத்துக் கேட்க வாய்ப்புள்ள ஒருவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

மைல்ஸின் 'அகார்ட்டா', 'பங்கேயா' ஆகிய இரண்டும் மறு கோடியில் நிற்பவை. 1975 பெப்ரவரி 1ஆம் திகதி ஜப்பானின் ஒசாகா நகரில் பிற்பகல் வாசித்தது முதலாவது, அன்றிரவு வாசித்தது இரண்டாவது. ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரமளவு இடைவிடாது ஓடுகிறது. பிற்பகலில் பீற் கோசியின் கிற்றார் மண்டபத்தையே கிழித்துக்கொண்டு போகிறது. இரவில் அதே கலைஞர்கள் களைப்போடு, இடைவெளிகள் விட்டு, வேறொரு இசையைத் தேடுகிறார்கள். உடல்நலம் குன்றியிருந்த மைல்ஸ் அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து பல ஆண்டுகள் மேடையேறவில்லை. பலர் 'அகார்ட்டா'வையே புகழ்வார்கள். களைத்த நிலையிலும் எதிர்பாராத திசைகளுக்குச் செல்லும் 'பங்கேயா'வே எனக்கு நெருக்கமானது.

மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவின் கதை வேறு. 1973இல் லண்டன் கலையகத்தில் பதிந்ததைக் குழுவினர் தமக்குள் முரண்பட்டு வெளியிடாமல் கைவிட்டதால், அவ்வாண்டு ஓகஸ்டில் நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவில் வாசித்ததையே 'பிற்வீன் நதிங்னஸ் அண்ட் எற்றேர்னிற்றி' என்று வெளியிட்டார்கள். கைவிட்ட கலையகப் பதிவு 1999இல்தான் வெளிவந்தது. பூங்காவில் வாசித்த மூன்று உருப்படிகளும் அதிலும் உண்டு. கலையகத்தில் வரம்போடு நிற்கும் அதே உருப்படிகள் பூங்காவில் எவ்வளவு நீள்கின்றன என்பதைத் தங்கள் மாணவர்களுக்குக் கேட்கச் சொல்லலாம்.

உயர்தர மாணவி, மல்லாவி: தேவாலயத்தில் பியானோ பழகுகிறேன். கீத் ஜாரட்டின் கொலோன் கச்சேரியில் பியானோ பழுதாக இருந்தது என்பது உண்மையா?

உண்மை. 1975 ஜனவரி 24ஆம் திகதி ஜேர்மனியின் கொலோன் நகர ஒப்பரா மண்டபத்தில், ஒப்பரா முடிந்தபின் இரவு பதினொன்றரை மணிக்கு அந்தக் கச்சேரி வைக்கப்பட்டிருந்தது. ஒழுங்கு செய்தவர் வேரா பிரான்டெஸ் என்ற பதின்ம வயதுப் பெண். கேட்டிருந்த பெரிய பியானோவுக்குப் பதிலாக மேடையில் நின்றது ஒத்திகைக்குப் பயன்படும் சிறிய பியானோ. அதன் மேல் ஸ்தாயி மெலிந்து கூர்மையாகவும், கீழ் ஸ்தாயி வலுவற்றும் ஒலித்தன, மிதிகளும் ஒழுங்காக இயங்கவில்லை. முதலில் மறுத்த ஜாரட், முதுகுவலியோடும் தூக்கமின்மையோடும் கடைசியில் வாசிக்க இணங்கினார்.

உங்களைப் போன்று பழகுபவர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் குறைகளுக்குள் அவர் எப்படி வாசித்தார் என்பதை. அவர் பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே நிற்கிறார். கீழ்ச் சுரங்கள் முழங்காததால் இடக்கையில் சிறிய சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசித்து, அந்தத் தொடர்ச்சியாலேயே அடித்தளத்தை உண்டாக்குகிறார். நீண்ட நேரம் இரண்டே சுரத்தொகுதிகளுக்கு இடையில் போய் வந்துகொண்டு, வலக்கையால் பாடுகிறார். தொடக்கச் சுரங்கள் அந்த மண்டபத்தில் பார்வையாளரை உள்ளே அழைக்கும் மணியோசையின் மெட்டு. அதை இனங்கண்டு சபையில் சிலர் சிரிப்பதும் பதிவில் கேட்கிறது. கடைசிச் சிறு பகுதியைத் தவிர முழுவதும் அந்த நேரத்தில் பிறந்தது. பின்னாளில் அது இசைக்குறியீடாக அச்சில் வந்தது, ஆனால் தாளைப் பார்த்து வாசிக்கும் முன் பதிவைப் பலமுறை கேளுங்கள். உங்கள் தேவாலயப் பியானோவில் ஒலிக்காத கட்டைகள் இருந்தால், அவற்றைத் தவிர்த்து எஞ்சியவற்றில் இடக்கைக் கோவை ஒன்றை அமைத்துப் பழகிப் பார்க்கலாம்.

இளைஞர், புதுக்குடியிருப்பு: மின்கிற்றார் வந்ததும் ஜாஸ் கெட்டுவிட்டது என்று அப்பா சொல்கிறார்.

அவர் தனியே இல்லை. 1970இலேயே பல விமர்சகர்கள் அதைச் சொன்னார்கள். எண்பதுகளில் ட்ரம்பெற் கலைஞர் வின்ரன் மார்சாலிஸ் மின்கருவிகளை விலக்கிப் பழைய முறைக்குத் திரும்பினார். 1986 டிசம்பரில் பதிந்த அவருடைய 'லைவ் அற் புளூஸ் அலி' மிகச் சிறந்த மேடைப் பதிவு. அதை அப்பாவுக்குக் கொடுங்கள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஹேர்பி ஹான்கொக்கின் 'வி.எஸ்.ஓ.பி.' இரட்டைத் தட்டைக் கேளுங்கள். 1976 ஜூனில் நியூயோர்க்கில் ஒரே கச்சேரியில், முதலில் அறுபதுகளின் சகபாடிகளோடு வாசித்துவிட்டு, பின்னர் தம் மின்கருவிக் குழுக்களோடும் அவர் வாசித்திருக்கிறார். இரண்டிலும் பேசுவது ஒரே கை என்பது கேட்டாலே புரியும்.

இல்லத்தரசி, நெடுங்கேணி: பெண்கள் எவரும் இல்லையா?

அலிஸ் கோல்ட்ரேன் இருக்கிறார். யாழ் வடிவான ஹார்ப் கருவியைத் தம்புராவின் சுருதியோடு சேர்த்து அவர் 1971இல் வெளியிட்ட 'ஜேர்னி இன் சச்சிதானந்தா' இந்தக் காலத்தின் மிக ஆழமான இசைத்தட்டுகளில் ஒன்று. தலைப்பில் உள்ளவர் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, அமெரிக்கா செல்லும் முன்னர் ஐம்பதுகளில் இலங்கையில் பணிசெய்த சுவாமி சச்சிதானந்தர். திருகோணமலையில் அவரை அறிந்த முதியவர்கள் உங்கள் உறவினரிடையே இருக்கவும் கூடும். அதே ஆண்டில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் அலிஸ் வாசித்த கச்சேரியின் பதிவு 2024இல் முழுமையாக வெளிவந்திருக்கிறது. முதலாவதைக் காலையில் வீட்டு வேலைகளுக்கு இடையிலும் கேட்கலாம். கார்னகிப் பதிவின் பிற்பகுதி முழுக் கவனத்தையும் கேட்கும்.

நாதஸ்வர மாணவர், ஒட்டுசுட்டான்: எங்கள் இசையை அறிந்தவர்கள் இன்றைய ஜாஸில் உண்டா?

கத்ரி கோபால்நாத்தின் சக்ஸபோனை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்க ஜாஸ் சக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா அவருடன் சேர்ந்து 2008இல் 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். ஏ. கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் உண்டு. ஒரே கருவி இரண்டு மரபுகளில் எப்படி ஊதப்படுகிறது என்பதை மூச்சு விடும் இடங்களைக் கவனித்து அறியலாம். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், கிற்றார் பிரசன்னாவுடனும் தபேலா நிதின் மித்தாவுடனும் 2011இல் வெளியிட்ட 'தீர்த்தா'வையும் தேடுங்கள். அங்கே கலப்பு வெளியே தெரியாமல் தாளத்துக்குள் இறங்கியிருக்கிறது.

வாசகர், மாங்குளம்: புதியவற்றில் ஒன்று சொல்லுங்கள். என்னிடம் கைப்பேசி மட்டுமே உண்டு.

ஸ்னார்க்கி பப்பி குழுவின் 'வீ லைக் இற் ஹியர்'. 2013 ஒக்ரோபரில் நெதர்லாந்தின் உட்ரெக்ற் நகரில், கலைஞர்களுக்கு நடுவே பார்வையாளரை இருத்தி, ஒவ்வொருவருக்கும் ஹெட்ஃபோன் கொடுத்து, பதிவாகும் ஒலியையே அவர்களும் கேட்கும்படி செய்து எடுத்தார்கள். கலையகத்தின் துல்லியமும் சபையின் சூடும் ஒன்றாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். 'லிங்கஸ்' என்ற உருப்படியில் கோரி ஹென்றி கீபோர்டில் வாசிக்கும் தனிப் பகுதியைக் காணொளியாகவே பாருங்கள்.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் இவற்றைக் கேட்க வேண்டாம். பேஸ் அதில் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும், பேஸ் மறைந்தால் இந்தக் காலத்து ஜாஸில் பாதி போய்விடும். விலை குறைந்த ஹெட்ஃபோன் போதும். அலைவரிசை வலுவாக உள்ள இடத்தில் இசைத்தட்டை முழுமையாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையைக் கலைத்துப் போடும் வசதியை நிறுத்துங்கள், உருப்படிகளை ஒன்றோடொன்று மங்கவைத்து இணைக்கும் வசதியையும் நிறுத்துங்கள். 'அகார்ட்டா' போன்றவை இசைத்தட்டுப் பக்கங்களின் நீளத்துக்காகப் பிரிக்கப்பட்டவை என்பதால், அந்த வசதிகள் இயங்கினால் ஓட்டம் அறுந்துவிடும்.